ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும்

கேள்வி:

என் மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். ஒன்பது வயது. காலை ஏழே முக்காலுக்கு வேன். ஆறு மணியிலிருந்து எழுப்புகிறேன், ஆறே முக்காலுக்குத்தான் எழுந்திருக்கிறான். பல் தேய்க்க ஒரு சத்தம், குளிக்க ஒரு சத்தம். இட்லியை நான்தான் ஊட்டிவிடுகிறேன், இல்லையென்றால் வெறும் வயிற்றோடு போய்விடுவான். பை அடுக்குவது, ஷூ மாட்டுவது, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் நான். அப்படியும் தினம் ஒரு பொருள் விட்டுப்போகிறது. மகள் எட்டாம் வகுப்பு. அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. தானே ஜடை பின்னிக் கிளம்பிவிடுவாள், தம்பிக்கு டையும் கட்டிவிடுவாள். கணவர் கடையை அடைத்துவிட்டு வர இரவு பத்து மணி ஆகும். அவரைப் பார்க்காமல் இவன் தூங்கமாட்டான். "நீயே கிளம்பினா மாசம் ஐந்நூறு ரூபா" என்று அவர் சொல்லிப் பார்த்தார். நாலு நாள் நடந்தது. மாமியார், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று என்னைத்தான் குறை சொல்கிறார். நான் ஊட்டாவிட்டால் அவரே தட்டோடு இவன் பின்னால் போகிறார். நான் ஒன்பதரைக்கு வங்கியில் இருக்க வேண்டும். இவனுக்குப் பொறுப்பு வர என்ன செய்வது?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பையன்தான் கண்ணில் பட்டான். இரண்டாவது தடவை மகள் பட்டாள். "ஒரு தொந்தரவும் இல்லை" என்று அவளை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் கிடக்கிறது.

அவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது தம்பி இரண்டு வயதுக் கைக்குழந்தை, உங்கள் இடுப்பில் இருந்திருப்பான். அவளுக்கு ஷூ மாட்டிவிட உங்களுக்குக் கை ஒழியவில்லை. அவளே மாட்டினாள். இடது வலது மாறிப்போயிருக்கும், அதைக் கவனிக்கக்கூட உங்களுக்கு நேரம் இருந்திருக்காது. அப்படித்தான் பழகினாள். பையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவனுக்கு எப்போதும் அம்மா, ஆச்சி, அக்கா என்று ஆறு கை தயாராக இருந்தது. (பெண்பிள்ளைக்குப் பொறுப்பு பிறவியிலேயே வரும் என்று உங்கள் மாமியார் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியில்லாமல் பழகிக்கொண்டதற்கு நாம் வைத்த பெயர் அது.)

உங்கள் மகனுக்குப் பல் தேய்க்கத் தெரியும். குளிக்கத் தெரியும். வேனில் சக பையனோடு சண்டை போடவும் தெரிந்திருக்கும். அவனுக்குப் பழகாதது ஒன்றுதான், அடுத்து என்ன என்று தானே நினைத்துக்கொள்வது. அந்த வேலையை ஆறு மணியிலிருந்து நீங்கள் பார்க்கிறீர்கள். "பெல்ட்ட எங்கல வச்ச? டைரில கையெழுத்து வாங்கினியா? பாட்டில எடுத்தியா?" அவன் கையும் காலும் மட்டும்தான் வேலை செய்கிறது, அதுவும் அரைத் தூக்கத்தில். நேரம் பார்த்து ஒன்றை ஞாபகம் வைத்துச் செய்யும் திறமை பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவம் முழுக்க மெல்ல மெல்லத்தான் வளர்கிறது, புழங்கப் புழங்கத்தான் வளர்கிறது. வீட்டில் ஒரு ஆள் அவ்வளவு கச்சிதமாக ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும்போது, இன்னொரு ஆள் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? நானாக இருந்தாலும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். எங்கள் பள்ளி வாசலில் வாட்ச்மேனுக்கு ஒரு மர மேசை உண்டு. பிரேயர் முடிவதற்குள் அந்த மேசை நிரம்பிவிடும். லஞ்ச் பேக், ஸ்கேல், டிராயிங் நோட்டு, ஒற்றை சாக்ஸ்கூட ஒருநாள் வந்தது. ஸ்கூட்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போகும் அம்மாக்களுக்கு மூச்சு வாங்கும். கொஞ்ச நாள் கவனித்தபோதுதான் தெரிந்தது, தினமும் வருவது அதே ஏழெட்டுப் பிள்ளைகளின் பொருள்கள். அந்த ஏழெட்டில் ஒன்று என் மகனுடையது. நான் அதே பள்ளியில் இருந்ததால் மேசைவரைகூடப் போகவில்லை, நேரே அவன் வகுப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் நன்றி சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அம்மா கொண்டுவருவது சூரியன் உதிப்பதுபோல நடக்கிற காரியம்.

சரி, இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

முதலில் தூக்கம். இதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசிப் பிரயோசனமில்லை. அப்பா வந்து, கொஞ்சி, படுக்கப் பத்தே முக்கால் ஆகும். ஆறே முக்கால் வரை புரண்டாலும் எட்டு மணி நேரம்தான். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. உங்கள் மகனுக்குத் தினம் குறைந்தது ஒரு மணி நேரம் குறைகிறது. நீங்கள் சோம்பல் என்று நினைப்பதில் பெரும் பங்கு இந்த ஒரு மணி நேரம். காலையில் பசி எடுக்காததற்கும் இரவுச் சாப்பாடு பிந்திப்போவது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அப்பாவைப் பார்க்காமல் தூங்கு என்று சொல்வது கொடுமை, அதுவும் எனக்குப் புரிகிறது. அதனால் அப்பாவை இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் காலை நேரத்தில் அவரையே காணோம். கடை எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, எப்படியும் ஆறரை மணிக்கு இருக்காது. பையன் ஒன்பது மணிக்குப் படுக்கட்டும், ஆறேகாலுக்கு எழட்டும். ஏழு மணிக்கு அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடட்டும். பக்கத்தில் அப்பா பிட்டுச் சாப்பிடும்போது இவனுக்கு மட்டும் ஊட்ட வேண்டிய அவசியம் தானாகக் குறையும். நாலு இட்லி ஊட்டுகிறீர்கள் என்றால் அவன் கையால் இரண்டுதான் உள்ளே போகும். போகட்டும். ஸ்நாக்ஸ் டப்பாவில் வாழைப்பழமோ வேர்க்கடலையோ கூடுதலாக வையுங்கள். சாப்பாட்டை மட்டும் தண்டனையாக ஆக்க வேண்டாம். ஆச்சிக்கும் பேரனுக்கு ஊட்டும் ஆசை இருக்கும், அதை நாம் பிடுங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேரன் பேத்தி இருவரையும் உட்காரவைத்துக் கையில் உருட்டிப் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எதையும் திங்கள்கிழமை காலையில் கற்றுக்கொடுக்கத் தொடங்காதீர்கள். வேன் ஹாரன் காதில் விழும்போது யாருக்கும் எதுவும் ஏறாது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தவர், போர் முடிந்து 1946 வரை இந்தியாவிலேயே இருந்தவர், கொடைக்கானலிலும் பிள்ளைகளோடு இருந்தவர். அவருடைய பள்ளிகளில் சின்னச் சின்ன மரச்சட்டங்கள் இருக்கும். ஒன்றில் துணியும் பட்டனும், ஒன்றில் கொக்கி, ஒன்றில் கயிறு. பிள்ளை சாவகாசமாக உட்கார்ந்து போட்டுக் கழற்றிப் பழகும். எனக்கு அதில் பிடித்தது அந்தச் சாவகாசம். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவனுக்கு ஷூ லேஸும் டையும் அக்கா சொல்லிக்கொடுக்கட்டும். பத்துத் தடவை அவிழ்த்துக் கட்டட்டும். திங்கள்கிழமையிலிருந்து அக்காவுக்கு அந்த வேலை இல்லை. லேஸ் கட்ட வரவில்லையா, ஒட்டுகிற ஷூ வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மூன்றாவதாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் அவன் தலையில் போடாதீர்கள். ஒரே ஒரு காரியத்தைக் கொடுங்கள், ஆனால் முழுசாகக் கொடுங்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்போடு சேர்த்து. என்னைக் கேட்டால் அது பையாக இருக்கட்டும். இரவு எட்டரைக்கு, டைம்டேபிளைப் பார்த்து அவன் அடுக்குவான். நீங்கள் பார்க்கக் கூடாது. ஜிப்பைத் திறந்து ஒரு எட்டுப் பார்க்கவும் கூடாது. கை பரபரக்கும், எனக்குத் தெரியும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி 3 முதல் 5ஆம் வகுப்பு வரை பையின் எடை 1.7 முதல் 2.5 கிலோதான். உங்கள் வீட்டுப் பையை ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா நோட்டையும் திணிப்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான். தானே அடுக்கித் தானே சுமக்கிறவன் தேவையானதை மட்டும் எடுத்துவைப்பான்.

முதல் வாரமே ஏதாவது விட்டுப்போகும். கணக்கு நோட்டு மேசையில் கிடக்கும், நீங்கள் வங்கிக்குக் கிளம்பும்போது உங்கள் கண்ணில்தான் படும். கிடக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் வகுப்பு ஆசிரியைக்கு டைரியில் இரண்டு வரி எழுதுங்கள்: "இந்த மாதம் பையைத் தானே அடுக்கப் பழகுகிறான். ஏதாவது மறந்தால் அவனிடமே கேளுங்கள், அவன் பதில் சொல்லட்டும்." இதைப் படித்துச் சந்தோஷப்படாத ஆசிரியை குறைவு. மறந்ததற்காக யாரும் அவனை அடிக்கவோ வகுப்பு முன்னால் அவமானப்படுத்தவோ கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதைத் தடைசெய்கிறது. பக்கத்துப் பையனிடம் ஒரு தாள் வாங்கி எழுதி, வீட்டுக்கு வந்து நோட்டில் மறுபடி எழுதுவது, அந்த அளவு சிரமம் ஒன்பது வயதுக்குப் போதும். வீட்டுக்கு வந்ததும் "நான் அப்பவே நினைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேனைத் தவறவிடுவதை இப்படிப் பாடமாக்க முடியாது. "ஒருநாள் வேனை விட்டாத்தான் புத்தி வரும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வேனை விட்டால் ஸ்கூட்டியை எடுப்பது நீங்கள், வங்கியில் தாமதமாவது நீங்கள், அவன் பின்னால் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போவான். யார் விட்டது, யார் கட்டுவது? எனவே வேன் வந்தால் இருக்கிற நிலையில் ஏறட்டும். தலை வாரவில்லையா, ஷூ கையில் இருக்கிறதா, வேனில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். வேன் டிரைவர் அண்ணனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர் சிரித்துக்கொள்வார்.

பேச்சையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். பத்துக் கேள்விக்குப் பதிலாக ஒரே கேள்வி: "இன்னும் என்ன பாக்கி?" ஏழரை மணிக்கு ஒருதடவை. அவ்வளவுதான். "ஷூ போட்டியா" என்றால் அவன் ஆமாம், இல்லை என்று சொன்னால் முடிந்தது. "என்ன பாக்கி" என்றால் அவன் தலையைத் திருப்பி, தன்னையே மேலும் கீழும் பார்த்து, தேட வேண்டும். எழுப்புவதற்கு முள் ஓடுகிற பழைய அலாரம் கடிகாரம் ஒன்று போதும். போன் வேண்டாம், போனைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கமாட்டான். அலாரம் அடித்ததும் அவன் எழாவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, தோளைத் தொட்டு ஒருமுறை எழுப்புங்கள். சமையலறையிலிருந்து கத்துவது அவனுக்கு மிக்ஸி சத்தம் மாதிரி, எப்போதோ பழகிவிட்டது.

ஐந்நூறு ரூபாயைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தன் பல்லைத் தேய்க்கத் தனக்கே சம்பளமா?

இரண்டாவது வாரம் நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும். அழுவான், ஒருநாள் உங்கள் மேல் பழி போடுவான், "நீதான் எடுத்து வைக்கல" என்பான். மாமியார் உங்களைப் பார்ப்பார். அந்த வாரத்தில்தான் பெரும்பாலான அம்மாக்கள் பழையபடி பையைத் திறக்கிறார்கள். நானும் ஒருதடவை திறந்தேன். என் மகனுக்கு அது ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. பை பழகியபின் தண்ணீர் பாட்டில், அதன்பின் சீருடை எடுத்துவைப்பது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தால் இப்போது தொடங்காதீர்கள், விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் தொடங்குங்கள்.

நன்றாகத் தூங்கியும், மாதக்கணக்கில் பழக்கியும், வீட்டில் மட்டுமல்லாமல் வகுப்பிலும் விளையாட்டிலும்கூட இரண்டு காரியத்தைச் சேர்த்துச் சொன்னால் அவனால் செய்ய முடியவில்லை என்றால் அது வேறு விஷயம். ஆசிரியையிடம் கேட்டுவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். திட்டித் தீர்கிற காரியம் இல்லை அது.

இதெல்லாம் படிந்துவரும்போது காலையில் உங்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகும். பேப்பர் படிக்கலாம், சூடாக ஒரு காபி குடிக்கலாம். நான் கேட்டுக்கொள்வது, வாரத்தில் ஒருநாளாவது அந்தப் பத்து நிமிடத்தை மகளுக்குக் கொடுங்கள். அவளுக்கு ஜடை பின்னத் தெரியும்தான். இருந்தாலும் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் உட்காருங்கள்.