69 கிரெயின் குண்டு மட்டும் சிதறுகிறதா? ட்ரிகரை விடுங்கள், குழலைப் பாருங்கள்

குண்டு சிதறுகிறது, ட்ரிகரை இளக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ட்ரிகரை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் பழைய .223 ரைபிளில் 52 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் விழுகிறது, 69 மட்டும் நாலு அங்குலம் சிதறுகிறது என்கிறீர்கள். கோளாறு ட்ரிகரில் என்றால் இரண்டுமே சிதறியிருக்கும்.

என் சந்தேகம் குழலின் திருகுவரி (குண்டைச் சுழலவிடும் உள்வரி) மேல். பழைய வார்மின்ட் ரைபிள்கள் (சிறு தொல்லை விலங்குகளைச் சுடுபவை) பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். 55 கிரெயினுக்கு அது போதும். 69 நீளமான குண்டு, 9, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது கேட்கும். எடையைவிட நீளம்தான் இங்கே கணக்கு.

ரைபிள் காலிதானா என்று இரண்டு முறை பாருங்கள். துடைக்கும் கம்பியில் (கைப்பிடி சுழலும் ரகம்) துணியை இறுக்கமாக வைத்துக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி. அது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் போனது என்று அளந்து பாருங்கள். சுட்ட இலக்கு அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டு கிழிந்திருந்தால் அளக்கவே வேண்டாம், குண்டு தள்ளாடித்தான் போயிருக்கிறது.

12 வந்தால் வெடிமருந்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். தோட்டா நிரப்பும் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டினால் ஆபத்து. பேசாமல் 52-க்கே திரும்புங்கள், பிரெய்ரி நாய்க்கு (வளை தோண்டும் சிறு கொறிவிலங்கு) அது தாராளம்.

அப்புறம் ட்ரிகரை இளக்கினால், காலி ரைபிளில் போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள். ட்ரிகரைத் தொடாமலே சுடும் ஊசி தானாக விழுந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.