மூன்றாம் லெவல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு லிச்சை அறிமுகப்படுத்துவது எப்படி?

கேள்வி: டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் நண்பர்கள் நால்வருக்கு டன்ஜியன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, ஒரு கேம்பெய்ன் (பல அமர்வுகள் நீளும் தொடர்கதை) நடத்தி வருகிறேன். கதாபாத்திரங்கள் இப்போது மூன்றாம் லெவலில் உள்ளன. பிரதான வில்லன் ஒரு லிச், அதாவது மாயத்தால் சாவைக் கடந்து பிணவுடலில் வாழும் மந்திரவாதி. இப்போதே நேரில் காட்டினால் அவர்கள் வாளை உருவி மாண்டுபோவார்கள். கடைசியில் காட்டினால் அவன் யாரோ ஒருவனாகவே தெரிவான். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆட்டத்தின் அரக்கர் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவல்படி லிச்சின் சேலஞ்ச் ரேட்டிங், அதாவது எதிரியின் கடுமையைக் குறிக்கும் எண், 21. அவனிடம் உள்ள பவர் வேர்டு கில் என்ற மந்திரம், 100 அல்லது அதற்கும் குறைவான ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) உள்ள எவரையும் சேவிங் த்ரோவுக்கே (தப்பிக்க உருட்டும் பகடைக்கே) இடம் கொடுக்காமல் கொன்றுவிடும். மூன்றாம் லெவலில் 100 என்பது எட்டாத உயரம். ஆகவே இப்போது சண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சண்டை வேண்டாம் என்பதற்காக வில்லனையே மறைத்து வைக்க வேண்டியதில்லை.

முதல் சந்திப்பு வில்லன் உரையாற்றுவதற்கான மேடை என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஆட்டக்காரர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டிய இடம் என்பதே என் உறுதியான கருத்து. அவர்கள் வாய் திறக்க முடியாமல் நின்று கேட்கும் பேச்சு, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அடுத்த வாரம் நினைவில் இருக்காது. வில்லன் கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலோ கேம்பெய்ன் முடியும்வரை அவர்களைத் தொடரும்.

இதை முன்பே உணர்ந்தவர்கள், 1983இல் ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ சாகசத்தின் ஆசிரியர்கள். அதன் வில்லனான ஸ்ட்ராட் என்னும் ரத்தக்காட்டேரிப் பிரபு, கோட்டையின் கடைசி அறையில் ஆட்டக்காரர்களுக்காகக் காத்துக் கிடப்பவன் அல்லன். தனக்கென ஒரு நோக்கம் உடையவன், அதற்காகத் தானே நடமாடுபவன். 2016இல் அக்கதை ஐந்தாம் பதிப்புக்காக விரிவாக்கப்பட்டபோது, கதாபாத்திரங்களைத் தன் கோட்டைக்கு விருந்துண்ண அழைத்து அவன் எழுதும் கடிதமும் அதில் இடம்பெற்றது. போவதா, மறுப்பதா என்று ஆட்டக்காரர்கள் தமக்குள் விவாதிக்கத் தொடங்கும் கணத்திலேயே வில்லன் அறிமுகமாகிவிடுகிறான். முகம் பிறகு வந்தாலும் குறையில்லை.

உங்கள் லிச்சுக்கு வருவோம். ஆட்ட விதிகளே உங்களுக்கு அரிய பொருளைத் தருகின்றன. லிச் தன் உயிரைக் காத்துவைத்திருக்கும் ஃபைலாக்டரி என்ற மாயப் பொருளுக்கு அவ்வப்போது ஆன்மாக்களை இரையாகக் கொடுக்க வேண்டும். அதற்காக அவன் பிடிக்கும் மனிதர் உடலோடு அதற்குள் இழுக்கப்பட்டு, 24 மணி நேரத்தில் முற்றாக அழிந்துபோகிறார். எனவே அவன் வந்துபோன வீட்டில் ரத்தமும் இருக்காது, பிணமும் இருக்காது. மேசைமேல் பாதி அறுத்த ரொட்டி, அதில் செருகியபடி நிற்கும் கத்தி, உள்ளே தாழிட்ட கதவு, கூரை ஏறி உடைத்து நுழைந்த அண்டை வீட்டார் — இவ்வளவு போதும். இத்தகைய தடயத்தை இரண்டு செஷன்களில் வெவ்வேறு ஊர்களில் காட்டுங்கள். மூன்றாவதாகக் காணாமல்போகிறவர் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்தமானவராக இருக்கட்டும். அவர்களாகவே பெயர் சொல்லி விசாரிக்கும் சத்திரக்காரரோ, பேரம் பேசிச் சிரித்த கொல்லரோ உங்கள் குறிப்பேட்டில் நிச்சயம் இருப்பார்.

அன்றிரவே லிச் தோன்றலாம், நேரில் அல்ல. ப்ராஜெக்ட் இமேஜ் என்ற ஏழாம் நிலை மந்திரம், 500 மைலுக்குள் அவன் முன்பு கண்ட எந்த இடத்திலும் அவனுடைய மாய உருவத்தை நிறுத்தும். அதன் வழியே அவன் பார்க்கலாம், கேட்கலாம், பேசலாம். பேச்சு சுருக்கமாக, மரியாதையோடு இருக்கட்டும்: “உங்கள் நண்பர் விடியும்வரை பத்திரமாக இருப்பார். மடாலய நிலவறையில் கறுப்பு உறையிட்ட ஏடு ஒன்று உள்ளது. அதைக் கொண்டுவாருங்கள், அவரை விட்டுவிடுகிறேன்.” அந்த ஏடு என்ன தீங்கு விளைவிக்கும் என்பதை ஆட்டக்காரர்கள் ஓரளவு அறிந்திருப்பது அவசியம். ஒன்றும் தெரியாமல் எடுக்கும் முடிவில் கனம் இருக்காது.

யாராவது அம்பெய்தால் தடுக்காதீர்கள். சிறிதளவு சேதம் பட்டாலும் அந்த உருவம் மறைந்துவிடும். யாரும் சாகவில்லை, ஆனால் பேரம் பேசும் வாய்ப்பு கைநழுவிவிட்டது, விடியலோ நெருங்குகிறது. நீங்கள் எந்த விதியையும் வளைக்காமல், அவர்கள் செயலுக்கு உரிய விளைவு கிடைத்துவிடுகிறது. அதேபோல் அவர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தால், உதாரணமாகப் போலி ஏடு தயாரிக்க முனைந்தால், மனமுவந்து இடங்கொடுங்கள். ஏமாற்றப்பட்ட லிச் முன்னிலும் சிறந்த வில்லன்.

அதன்பின் அவனை அடிக்கடி வரவழைத்தால் மதிப்பு குறையும். செண்டிங் மந்திரத்தின் வழியே எப்போதாவது 25 சொற்களுக்குள் ஒரு செய்தி வந்தால் போதுமானது. எலும்பும் தோலுமான உடலோடு அவன் எதிரே வருவதைப் பதினோராம் லெவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போது எதிர்பாராமல் அவனை வீழ்த்திவிட்டாலும் பதற வேண்டாம். ஃபைலாக்டரி இருக்கும்வரை ஒன்று முதல் பத்து நாட்களுக்குள் அவன் புதிய உடலோடு எழுவான். வில்லன் லிச்சாக இல்லாதபோது இந்த வசதி கிடையாது. அத்தகைய கேம்பெய்னில் அவனுடைய தளபதி ஒருவரை முன்கூட்டியே வளர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அந்த முதல் சந்திப்பை ஒரு செஷனின் கடைசிக் காட்சியாக அமைத்து, வில்லனின் கோரிக்கை முடிந்ததும் அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். அடுத்த செஷன்வரை நால்வரும் தமக்குள் வாதாடுவார்கள். அடுத்த முறை அமர்ந்ததும், ஒரு பகடையும் உருட்டும் முன், என்ன முடிவெடுத்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.