வீட்டு இணையத்தின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் வீட்டு ரவுட்டரை இணைய நிறுவனமே கொண்டுவந்து பொருத்தியது. அதன் வழியாக யாரேனும் ஊடுருவினால் பொறுப்பு அவர்களுடையதா, எங்களுடையதா? வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், 'நல்ல பாஸ்வேர்டாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பதில்: அவர்கள் தங்கள் பங்கைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அதற்கான பொறுப்பும் அவரையே சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல நிறுவனங்கள், தாம் தரும் ரவுட்டரின் மென்பொருளை வாடிக்கையாளர் தாமே புதுப்பிக்க வழி வைப்பதில்லை. தொலைவிலிருந்து அவர்களே அதைப் பராமரிக்கிறார்கள். 2016 நவம்பரில், ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டதற்கு, இத்தகைய தொலைநிலைப் பராமரிப்புக்கென இருந்த இணைய வாயிலைக் குறிவைத்து நடந்த தாக்குதலே காரணம். அந்த வீடுகளில் எவ்வளவு வலுவான வைஃபை பாஸ்வேர்டு இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

சாதனத்தைத் தயாரித்தவரையும் இங்கே மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு பரவிய 'மிராய்' என்ற தீநிரல், ஆலையிலிருந்து வரும்போதே அமைந்திருந்த அறுபதுக்கு மேற்பட்ட பயனர்பெயர், பாஸ்வேர்டு இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு இத்தகைய சாதனங்களை விற்பதற்கு பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை விதித்திருக்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுகள் எதுவரை கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் வெளியிட்டாக வேண்டும். எல்லா நாடுகளுக்கும் தேவையான சட்டம் இது.

இனி உங்கள் பங்கு. ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்; அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கும். ஒன்று வைஃபையில் இணைவதற்கு. மற்றது ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கு. முதலாவதை மாற்றுபவர்கள்கூட இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது பிறர் கைக்குப் போனால், நீங்கள் வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டினாலும் போலித் தளத்துக்குத் திருப்பிவிட அவர்களால் முடியும். அப்போது 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று உலாவி காட்டும் சான்றிதழ் எச்சரிக்கையே உங்களுக்கு எஞ்சியிருக்கும் தடுப்பு. அவசரத்தில் அதைக் கடந்து போய்விடாதீர்கள். கேமரா, தொலைக்காட்சி போன்றவற்றை விருந்தினருக்கான தனி வைஃபையில் இணைத்துவிட்டால், அவற்றில் ஒன்றை யாரேனும் கைப்பற்றினாலும் உங்கள் கணினியை எட்டுவது கடினமாகும்.

அடுத்த முறை நிறுவனத்திடம் பேசும்போது, இந்த ரவுட்டருக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது, இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்ற இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அப்டேட் நின்றுவிட்டது என்றால், வேறு ரவுட்டர் தரும்படி அதே மின்னஞ்சலில் கேட்கலாம்.