கொடியவர்களை ரசித்ததில் குற்றமில்லை

வணக்கம். சூனியக்காரியும் கூலிக்கொலையாளியும் நாயகர்களாக வரும் இருண்ட மிகுபுனைவுக் (ஃபேன்டசி) குறுநாவலில், அவர்கள் பிடிபடக் கூடாதென்று விரும்பியதற்காக வெட்கப்பட்டதாகவும், முடிவு கசந்ததாகவும், தண்டையார்பேட்டை வாசகர் வட்டத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த விருப்பம், வெட்கம் ஆகிய இரண்டு உணர்வுகளையும் மறைக்காமல் பேசுங்கள். தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து கம்பீரமாக வெளிப்படும்போது நாம் வியக்கிறோம். ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவனைக் கேலி செய்து, அந்த வியப்பிலேயே நம்மை மூழ்கிவிடாமல் காக்கிறான். உங்கள் குறுநாவலில் அப்படியொரு குரல் இல்லை, கொல்லப்படும் கிராமத்தாருக்குப் பெயர்கூட இல்லை என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். குறை அங்கேதான் இருக்கிறது, உங்கள் ரசனையில் அன்று. (ராயபுரத்தில் இறங்க வேண்டிய நானும், கதையில் வந்த ஒரு கொலைகாரனுக்காகப் பதறி நிறுத்தத்தைத் தவறவிட்டவன்தான்.) பெயரற்ற அந்தக் கிராமத்தாரிடமிருந்தே பேச்சைத் தொடங்குங்கள், முடிவு உங்களுக்கு ஏன் கசந்தது என்பதை விளக்க அது உதவும்.