புது வீட்டு மாடிப்படியில் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்குவது ஏன்?

கேட்டிருப்பது இது: "கொத்தனார் எல்லாப் படியையும் ஒரே அளவில்தான் போட்டார். ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் முதல் வந்துபோகிறவர்கள் வரை எல்லோரும் கீழ்ப்படியிலோ கடைசிப் படியிலோ தடுக்குகிறார்கள். என்ன காரணம்? இனிமேல் சரிசெய்ய முடியுமா?"

தடுக்குகிறவர்கள் மேல் தப்பில்லை. கான்கிரீட்டில் எல்லாப் படியும் ஒரே அளவில் இருந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மாடி ஏறும்போது யாரும் படிக்குப் படி குனிந்து பார்ப்பதில்லை. முதல் ஓரிரு படியிலேயே கால் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் அதே அளவுக்கு எடுத்து வைத்துக்கொண்டே போகும். கட்டை விரலுக்கும் படி விளிம்புக்கும் நடுவே கிடைப்பது சில சென்டிமீட்டர்தான். வயதானாலோ களைத்திருந்தாலோ அதுவும் குறையும். நியூயார்க்கில் புரூக்ளின் 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட ஒரு இஞ்சுக்கும் குறைவாக உயர்ந்திருந்தது. அதில் வரிசையாக மக்கள் தடுக்குவதை 2012இல் ஒருவர் படம்பிடித்து வெளியிட்ட பிறகுதான் படி திருத்தப்பட்டது. ஒரே வரிசைப் படிகளில் மிக உயரமானதற்கும் மிகக் குட்டையானதற்கும் உள்ள வித்தியாசம் 9.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கக் கட்டட விதி. நம் ஊர் வீடுகளில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் சாதாரணமாக வருகிறது. எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் 3135 மி.மீ. உயரம், 19 படி உயரங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 165 மி.மீ. சென்ட்ரிங் (கான்கிரீட் வார்ப்பதற்கான பலகை அச்சு) அடிப்பவர் இதை அப்படியே எடுத்து 19ஐயும் சமமாக அடித்துவிடுவார். பிறகு கல் பதிக்கும் வேலை வரும். தரையில் மணல், கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 75 மி.மீ. ஏறும். படியில் கிரானைட்டும் கலவையும் 40 மி.மீ.தான் ஏறும். இப்போது முதல் படியின் உயரம் 165 + 40 – 75 = 130. நடுவில் உள்ளவை 165. மாடித் தரையைத் தொடும் கடைசி உயரம் 165 + 75 – 40 = 200.

கீழே 130ஐப் பழகிய கால் அடுத்த 165இல் இடிக்கும். மேலே 165க்குப் பழகிய கால் 200இல் மாட்டும். இறங்கும்போது இதைவிட மோசம். மாடித் தரையிலிருந்து முதல் அடி எடுத்து வைக்கும்போதே, கால் எதிர்பார்த்த இடத்தில் படி இருக்காது. இன்னும் 35 மி.மீ. கீழே இருக்கும். உடல் எடை மொத்தமும் முன்னால் சாய்ந்துவிடும். அங்கே தவறினால் உருள வேண்டிய தூரமும் அதிகம். வீட்டில் முட்டி வலிக்காரர் ஒருவர் இருந்தால் இந்த ஓர் இடத்துக்காகவே படியைத் திருத்தலாம் என்பேன்.

முதலில் அளந்து பாருங்கள். மேல்படியின் விளிம்பில் ஒரு நேரான பட்டியை வைத்து, ரசமட்டம் பார்த்து, கீழ்ப்படிக்கு டேப் பிடியுங்கள். எல்லாப் படியையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். முதலும் கடைசியும் மட்டும் மாறியிருந்தால் மேலே சொன்ன கணக்குதான். நடுவிலும் தாறுமாறாக இருந்தால் அது கல் பதித்த வேலையின் கோளாறு.

திருத்தும்போது ஒரு பொறி உண்டு. "கடைசிப் படிதானே உயரம், கீழே இருக்கும் படி மேல் இன்னொரு கல்லைப் போட்டுவிடலாம்" என்பார்கள். அதை 35 மி.மீ. ஏற்றினால் கடைசி உயரம் 165 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே உள்ளது 200 ஆகிவிடும். தப்பு ஒரு படி கீழே இறங்கும், போகாது. சரியான வழி, நடுவில் திரும்பும் இடத்தில் உள்ள லேண்டிங்கையும் (சமதள மேடை) சேர்த்து 18 மேற்பரப்பையும் ஒரே 35 மி.மீ. ஏற்றுவது. அப்போது முதலும் கடைசியும் தானாக 165க்கு வந்து நிற்கும். பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு 75 மி.மீ. கனத்தில் புதிதாகப் பதிப்பதே நல்லது. வழவழப்பான கிரானைட் மேல் வெறும் சிமென்ட் கலவை பிடிக்காது. எப்படிச் செய்தாலும் சதுர மீட்டருக்கு 70–90 கிலோ எடை கூடும். அதனால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் தொடாதீர்கள். கைப்பிடியின் உயரமும் தலைக்கு மேல் இடமும் 35 மி.மீ. குறையும், அதையும் பாருங்கள்.

இனிமேல்தான் கட்டப்போகிறவர்கள் இதைச் செலவே இல்லாமல் தவிர்க்கலாம். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து, டைல்ஸ் போட்ட பிறகு தரை எங்கே வரும் என்பதை இரண்டு தளங்களிலும் சுவரில் கோடு போடுங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள உயரத்தைச் சமமாகப் பிரியுங்கள். மேலே சொன்ன கனத்துக்கு, கான்கிரீட்டில் முதல் படி 200ஆகவும் கடைசி 130ஆகவும் இருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தப்பாகவே தெரியும், கொத்தனார் "சரி" செய்துவிடுவார். வார்ப்புக்கு முன்னால் நீங்களே அங்கே நின்று விளக்கிவிடுங்கள்.

படி ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று பல வீடுகளில் கேட்பார்கள். தாராளமாகக் கேட்கலாம், ஆனால் வரைபடம் போடும்போதே. எல்லாம் முடிந்தபின் எண்ணிக்கைக்காக அடியில் ஒரு அரைப்படி சேர்ப்பதுபோல ஆபத்து வேறில்லை.

அகலத்துக்கு, அதாவது கால் வைக்கும் பரப்பின் முன்பின் அளவுக்கு, வருகிறேன். வீட்டுப் படிக்கு உயரம் 190க்கு மிகாமலும் அகலம் 250க்குக் குறையாமலும் இருக்கலாம் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அது எல்லை, அதையே அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: இரண்டு உயரமும் ஒரு அகலமும் கூட்டினால், இன்றைய வழக்கப்படி, 600–640 மி.மீ.க்குள் வர வேண்டும். 165 உயரத்துக்கு 280 அகலம் வைத்தால் 610. பத்து உயரம் கொண்ட ஒரு வரிசையில் ஒன்பது மிதி (கால் வைக்கும் பரப்பு) வரும். 250க்குப் பதில் 280 வைக்க மொத்தமே 270 மி.மீ. இடம்தான் கூடுதலாக வேண்டும். ஒரு அடிகூட இல்லை. கார் நிறுத்தும் இடத்துக்காக இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

அகலத்தை அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. 280 மி.மீ. கல் வாங்கி, விளிம்பை 25 மி.மீ. வெளியே நீட்டினால், இறங்கும்போது கால் வைக்கக் கிடைப்பது 255தான். மேல்படியின் நீட்டல் மீதியை மறைத்துவிடும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்தால்தான் உண்மையான அகலம். திருப்பத்தில் லேண்டிங்குக்குப் பதிலாக முக்கோணப் படி வைப்பதையும் தவிருங்கள். உள் மூலையில் மிதி ஒன்றுமில்லாமல் போய்விடும்; கைப்பிடியைப் பிடித்து இறங்கும் பெரியவர் வருவது அந்தப் பக்கம்தான்.

கறுப்பு கிரானைட் மிதி, நெட்டுக்குத்தாக நிற்கும் முகப்பில் வெள்ளை டைல்ஸ் என்ற ஜோடி இப்போது எங்கும் உண்டு. ஏறும்போது தெளிவாகத் தெரியும். இறங்கும்போது வெள்ளை கண்ணில் படாது, மிதிகள் எல்லாம் ஒரே கறுப்புப் பலகையாகத் தெரியும். ஆகவே மாற்று நிறக் கோடு மிதியின் மேல், விளிம்பை ஒட்டி, 50 மி.மீ. அகலத்தில் வர வேண்டும். விளிம்பில் காடி (மெல்லிய பள்ளம்) வெட்டுவது வழுக்காமல் இருக்க உதவும். கண்ணுக்கு அது போதாது.

கைப்பிடி 38–45 மி.மீ. உருண்டைக் குழாயாக, சுவரிலிருந்து 50 மி.மீ. விலகி, முதல் கடைசிப் படிகளைத் தாண்டி 300 மி.மீ. நீண்டிருக்கட்டும். சதுரக் குழாயைக் கையால் முழுதாக வளைத்துப் பிடிக்க முடியாது. படுக்கைவாட்டில் கம்பி போட்டால் குழந்தைகளுக்கு ஏணியாகிவிடும். நெட்டுக்குத்தாக, 100 மி.மீ.க்குள் இடைவெளி விடுங்கள்.

உங்களால் இப்போதைக்குப் படியை உடைக்க முடியாதென்றால், முதல் படியிலும் கடைசிப் படியிலும் மாடித் தரையின் விளிம்பிலும் வழுக்காத மஞ்சள் பட்டையை இன்றைக்கே ஒட்டுங்கள். மேலும் கீழும் டூ-வே சுவிட்ச் போட்டு, இறங்குகிறவரின் நிழல் படியில் விழாதபடி விளக்கைப் பக்கச் சுவரில் வையுங்கள். தடுக்குவது குறையும். படியின் கோளாறு அப்படியேதான் இருக்கும், அதனால் பட்டை தேயத் தேய மாற்ற வேண்டியிருக்கும்.