கேள்வி நேரம்: 300 எலும்பு 206 ஆனது எப்படி?

பிறக்கும்போது சுமார் 300 எலும்பு, வளர்ந்தபின் 206 என்கிறார்கள். மீதி எங்கே போகிறது?
(எட்டாம் வகுப்பு மாணவி, திருப்பூர்)

எங்கேயும் போகவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கைக்குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று ஓரிடம் துடிக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் உச்சிக்குழி. மண்டையோட்டு எலும்புகள் அங்கே இன்னும் சேரவில்லை. ஒன்றரை வயதுவாக்கில் மூடிவிடும். முதுகின் அடியிலும் இதே கதைதான். 5 முள்ளெலும்புகள் சேர்ந்து திரிகம் ஆகிறது, அதற்குக் கீழே 4 சேர்ந்து வாலெலும்பு ஆகிறது.

தொடை எலும்பு போன்ற நீள எலும்புகளில் நுனி தனி, தண்டு தனி. நடுவே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். உயரம் கூடுவது அங்கேதான். பதின்பருவ முடிவில் அந்தத் தட்டும் எலும்பாகி நுனியும் தண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் கம்பியில் தொங்கினாலும் உயரம் கூடாது.

206-ஐ மனப்பாடம் செய்வதைவிட ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை ஒரு கையில் 27, ஒரு பாதத்தில் 26. நான்கையும் கூட்டினால் 106. பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலுமே இருக்கிறது!

எலும்பை வினிகரில் ஊறவைத்தோம். வளையவில்லை, பிய்ந்துபோனது. ஏன்?
(ஏழாம் வகுப்பு மாணவர்கள், தென்காசி)

குக்கரில் வெந்த எலும்பைப் போட்டிருப்பீர்கள். எலும்பில் இரண்டு சரக்கு உண்டு. கால்சியம் பாஸ்பேட் உப்பு கடினத்தைத் தருகிறது. கொலாஜன் என்ற புரத நார், ஒடியாமல் வளைந்துகொடுக்க வைக்கிறது. வினிகர் உப்பைக் கரைக்கும், நாரை விட்டுவிடும். ஆனால் நாலு விசில் வந்த எலும்பில் நாரில் பெரும்பகுதி ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். பிறகு எதை வளைப்பது?

கறிக்கடையில் பச்சைக் கோழியின் மெல்லிய இறக்கை எலும்பாக வாங்குங்கள். சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுங்கள், கொழுப்புப் படலம் இருந்தால் வினிகர் உள்ளே இறங்காது. கண்ணாடி ஜாடியில் எலும்பு முழுதும் மூழ்க வினிகர் ஊற்றுங்கள். வாயு வருமென்பதால் மூடியை இறுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். மெல்லிய எலும்பு 3 முதல் 5 நாளில் ரப்பர் போல வளையும். தடித்த கால் எலும்புக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?
(ஆறாம் வகுப்பு மாணவன், மதுரை)

தேயாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழிதான் அந்தச் சத்தம். அதே விரலில் மறுபடி சத்தம் வர ஏறத்தாழ 20 நிமிடம் பொறுக்க வேண்டும். வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளையாடும்போது விழுந்து கை வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவலாமா?
(உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்)

கூடவே கூடாது. முறிந்த முனை நகர்ந்து நரம்பையும் ரத்தக்குழாயையும் கிழிக்கக்கூடும். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விட்டு, மடித்த செய்தித்தாளை அடியில் கொடுத்து, முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் துணியால் கட்டுங்கள். பிறகு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், விரல் சில்லிட்டு மரத்துப்போனால், கட்டு இறுக்கம். உடனே தளர்த்துங்கள். வீக்கம் ஏற ஏற கட்டு தானாக இறுகும் என்பதால் இதை அடிக்கடி பாருங்கள்.

பிள்ளைகளின் எலும்பில் நார் தெம்பாக இருப்பதால் பல நேரம் முழுதாக ஒடியாது. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளக்குமே, அந்த மாதிரி. விரலை அசைக்க முடிகிறதே, முறிவு இருக்காது என்று ஏமாறுவது இங்கேதான். வளர்ச்சித் தட்டில் அடி பட்டிருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், குருத்தெலும்பு அதில் நிழலாக விழாது. மூட்டருகே வலி நீடித்தால் மறுபடி காட்டிவிடுங்கள்.