புள்ளியை எடுத்துவிட்டுப் பதக்கம் கொடுத்துப் பாருங்கள்

வணக்கம். நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கும் உங்கள் குழுவில் ஒரு பதிவுக்குப் பத்துப் புள்ளி என்று வைத்ததும், ஒரே தாலாட்டை நான்காக வெட்டி ஏற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கைக்குப் புள்ளி வைத்தால் எண்ணிக்கைதான் வரும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 'களைப்படையா பங்களிப்பாளர் பதக்கம்' பார்த்திருக்கிறீர்களா? வெறும் படம்தான், காசு பெறாது. சக பயனர் ஒருவர் காரணத்தை எழுதி உங்கள் பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் உங்களுக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், இடுவார், அவ்வளவுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறைய எழுதும் பயனர்கள் சிலருக்குக் குலுக்கல் முறையில் பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றவர்களின் பங்களிப்பு, பெறாதவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாக இருந்தது என்கிறது 2012இல் வெளியான அந்த ஆய்வு.

அதனால் புள்ளிப் பட்டியலைத் தூக்கிவிடுங்கள். பதக்கத்தில் காரணம் துல்லியமாக இருக்கட்டும்: "மூன்றாம் அடியில் பாட்டி முணுமுணுத்த சொல்லைத் திரும்பப் போய்க் கேட்டு வந்ததற்காக." இதைப் படிக்கிற இன்னொருவர் அடுத்த முறை தானும் திரும்பப் போவார்.

அப்புறம், பாடிய பாட்டிக்கும் ஒரு பதக்கம் உண்டு, மறந்துவிடாதீர்கள். கைப்பேசி இல்லாதவர் என்றால் பெயரும் ஊரும் போட்டு அச்சடித்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.